தூங்கக் கேட்ட பாட்டும் ஹெப்ரிடீஸில் எட்டு நாளும்

ஜூன் 16, 2025, திங்கள் – ஓபன்

தூக்கம் வராத ராத்திரிகளுக்கென்று என் போனில் ஒரு பட்டியல் இருக்கிறது. முப்பத்தொரு பாட்டு. எல்லாமே கெல்டிக் பெண் குரல்கள். ஆரம்பித்து வைத்தவர் என்யா. அவர் அயர்லாந்தில் டோனகல் பக்கம். ஒன்றைத் தொட்டு ஒன்றாகச் சேர்ந்ததில் பாதிக்கு மேல் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளான ஹெப்ரிடீஸைச் சேர்ந்தவை என்பது மகன் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை புரியாது. புரியாததுதான் சௌகரியம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மெல்லிய குரல், குகைக்குள் பாடுவது மாதிரி ஓர் எதிரொலி. பத்து நிமிஷத்தில் கண் சொருகிவிடும்.

கிளாஸ்கோவில் மூன்று வாரமாக அவனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "அந்தப் பாட்டெல்லாம் பொறந்த ஊரையே ஒரு தடவ பாத்துட்டு வாங்கம்மா, அப்பாவையும் கூட்டிக்கிட்டு" என்று ரூமெல்லாம் அவனே போட்டுக் கொடுத்தான். இவர் வங்கியில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் 115-ஆல் பெருக்குவார். ஒரு டீ 2.80 பவுண்டு என்றால் கோப்பையை வாயில் வைக்கும் முன்பே முந்நூற்று இருபத்திரண்டு ரூபாய் வந்துவிடும்.

ஓபன் வரை ரயில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏரியும் மலையும் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. மத்தியானக் கப்பலில் பாரா தீவுக்குப் போயிருக்க வேண்டும். துறைமுகத்தில் போய் நின்ற பிறகு சொன்னார்கள்: கப்பலில் ஏதோ கோளாறு, நாளைக்குத்தான். எனக்கு ஆச்சரியம் கோளாறு இல்லை, வரிசையில் நின்றவர்கள். ஒருத்தர் குரலை உயர்த்தவில்லை. முன்னால் நின்ற கிழவர் பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி என்னிடம் நீட்டினார். "இது அடிக்கடி நடக்கும், நீங்கள் பாவம், புதுசு" என்றார். ஊரில் ரூம் கிடைக்காமல் அலைந்து, ஒரு கடைக்கு மேல்மாடியில் 110 பவுண்டுக்குப் படுக்கை கிடைத்தது. பெருக்கிப் பார்த்துவிட்டு இவர் அரை மணி நேரம் பேசவில்லை.

படகுத்துறையில் பச்சைக் கொட்டகை ஒன்றில் பூண்டு வெண்ணெயில் புரட்டிய சிப்பியை நின்றபடியே சாப்பிட்டோம். இவரும் பேச்சுக்குத் திரும்பினார்.

ராத்திரி ஒன்பதரைக்கும் பட்டப்பகல். தூக்கம் வராமல் கீழே ஒரு பப்பில் ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்தோம். இரண்டு ஃபிடில், ஓர் அக்கார்டியன், ஒரு கிடார். ஒரே இரைச்சல். நடுவில், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாத ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள். மைக் இல்லை, அறிவிப்பு இல்லை. ஃபிடில்காரர்கள் வில்லை மடியில் வைத்தார்கள். பீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் குழாயை நிறுத்திவிட்டான். கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது. அவளும் தரையைத்தான் பார்த்தாள்.

தாலாட்டு என்று மெட்டைக் கேட்டதுமே தெரிந்தது. என் பட்டியலில் நாலாவது பாட்டு. ஆனால் குரல் அந்தக் குரல் இல்லை. கொஞ்சம் மூக்கில் ஏறிய, ஆடாத, நேர்க்குரல். ஒரு சொல்லின் நுனியில் மட்டும் சின்னதாக ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். முகத்தில் எதுவும் நடக்கவில்லை.

முடிந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். 1570-இல் கிரிகர் மெக்கிரிகர் என்றொருவனின் தலையை வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவன் மனைவியின் சொந்தக்காரர்களே, கேம்பெல்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பாடியது இது. ஓக் கட்டையில் அவன் தலையை வைத்தார்கள், ரத்தம் தரையில் ஓடியது, கையில் ஒரு கிண்ணம் இருந்திருந்தால் அதை வயிறு நிறையக் குடித்திருப்பேன் என்று வருகிறதாம்.

இதைப் போட்டுக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

அந்தப் பெண் பாட்டு முடிந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள்: யாரிடம் கற்றது என்று. ஊர்ப் பெயர், ஒரு கிழவியின் பெயர். உடனே கிளாஸை எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 17, செவ்வாய் – பாரா

கப்பல் கிளம்பியது. ஐந்து மணி நேரம். முதல் ஒன்றரை மணி நேரம் மல் தீவின் மறைவில் சொகுசு. அதைத் தாண்டியதும் அட்லாண்டிக் யாரென்று காட்டியது. நான் கொண்டுவந்த சுக்கு மிட்டாய் இரண்டும் பயனில்லாமல் போயின. ஒரு லாரி டிரைவர், எழுந்து தன் இடத்தைக் கொடுத்து, "கப்பலின் நடுவில், தரையோடு தரையாகப் படுங்கள், கடலைப் பார்க்காதீர்கள்" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் ஜமுக்காளம்கூட இல்லாமல் கப்பல் தரையில் படுத்தேன். கேட்டது. குமட்டல் நிஜமாகவே நின்றுவிட்டது.

காசில்பே. பெயருக்கு ஏற்றபடி விரிகுடா நடுவில் தண்ணீருக்குள்ளேயே ஒரு கோட்டை. மெக்னீல் குலத்தாருடையது. இறங்கியதும் பசி. ஒரு சின்ன உணவகத்தில் பலகையைப் படித்த இவர் என் தோளைத் தட்டினார். ஸ்காலப் பக்கோடா! ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவில், கடல் சிப்பியைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்து, புதினா சட்னியோடு வைத்தார்கள். 9 பவுண்டு. இவர் பெருக்கவில்லை. பயணத்திலேயே முதல் தடவை.

ஜூன் 18, புதன் – பாரா, வாட்டர்சே

காலையில் எல்லோரும் சொல்லும் அந்த வேடிக்கையைப் பார்த்தோம்: கடற்கரை மணலே விமான ஓடுதளம். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துத்தான் விமானம் வரும். வந்தது, இறங்கியது, இவர் வீடியோ எடுத்தார்.

நான் எழுத வந்தது எங்கள் வீட்டுக்காரம்மாவைப் பற்றி. எழுபது தாண்டியவர், தனியாக இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். காலையில் ஓட்ஸ் கஞ்சியோடு ஒரு தட்டில் கறுப்பு வட்டம் வைத்தார். ஆட்டு ரத்தப் பொரியலை வில்லையாக்கினால் எப்படியோ அப்படி. இங்கே பன்றி ரத்தமும் ஓட்ஸும். இவர் தட்டை என் பக்கம் தள்ளினார். மதுரைக்காரிக்கு ரத்தப் பொரியல் புதுசா என்ன? மிளகு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்.

பாட்டு கேட்க வந்தேன் என்று சொன்னதும் அவர் முகத்தில் சின்னச் சிரிப்பு. "ஃப்ளோரா ஊர் இது, தெரியுமா?" என்றார். ஃப்ளோரா மெக்னீல், 1928-இல் இங்கே பிறந்தவர். 1947-இல் எடின்பரோ போய் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார். 1951-இல் அங்கே நடந்த மக்கள் விழாவில் அவர் பாடியதை அமெரிக்காவின் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு செய்தார். ஊரில் அம்மாவும் சித்தியும் பால் கறக்கும்போதும் அடுப்படியிலும் பாடிக்கொண்டிருந்தது நகரத்து மேடைக்கு அப்படித்தான் ஏறியது. 2015-இல் இறந்தார். மகள் மேகி மெக்இன்னஸும் பாடகிதான். பக்கத்துத் தீவு வாட்டர்சே. அங்கே நேன் மெக்கினன் என்றொரு அம்மா. நூற்றுக்கணக்கில் பாட்டு வைத்திருந்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் ஆட்கள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்துவந்து பதிந்துபோனார்கள். 1991-க்கு முன் வாட்டர்சேவுக்குப் பாலம்கூடக் கிடையாது. மத்தியானம் அங்கே போனோம். வெள்ளை மணல், பச்சைக் கடல், ஆள் கிடையாது. குளிர் மட்டும் பன்னிரண்டு டிகிரி.

"நீங்கள் பாடுவீர்களா?" என்று சாயங்காலம் கேட்டதற்கு, "நான் பாடகி இல்லை" என்று உடனே மறுத்தார். அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அரை மணி கழித்து, இரண்டு கைகளும் முழங்கை வரை சோப்புத் தண்ணீரில் இருக்க, முதுகை எனக்குக் காட்டியபடி, அவர் பாட்டுக்குப் பாட ஆரம்பித்தார். துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். கரகரப்பு. மேல் ஸ்வரத்தில் மூச்சு பற்றவில்லை, அவரும் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஹோ ரோ, ஹி ரி என்று ஒரு கண்ணி.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றார். அப்படியானால் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா என்றதற்குத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். வரியில் ஒரு சொல் மாறினால் மாறட்டும். ஒருத்தர் ஒரு மாதிரி, இன்னொருத்தர் இன்னொரு மாதிரி பாடுவார்கள். இந்த ஹோ ரோ மாறக்கூடாது. பாட்டை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தானாம். அர்த்தமில்லாத சொல்லுக்குத்தான் கட்டுப்பாடு அதிகம்.

அவர் மொழியை 'கேலிக்' என்று நான் சொன்னதையும் திருத்தினார். அது அயர்லாந்துக்காரர்களுடையதாம். இங்கே 'காலிக்'.

ஜூன் 19, வியாழன் – எரிஸ்கே, சவுத் யூயிஸ்ட்

நாற்பது நிமிஷக் கப்பல் எரிஸ்கேவுக்கு. அங்கிருந்து கடலுக்கு நடுவே போட்ட சாலையில் பஸ். டிரைவர் நாங்கள் தங்கும் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, பெட்டியையும் இறக்கிவைத்தார். டிப்ஸ் நீட்டிய இவரிடம் "வேண்டாம், எனக்கு இது வழிதான்" என்றார். வழியில்லை என்பது பஸ் திரும்பிப் போனதைப் பார்த்தால் தெரிந்தது.

இன்று ராத்திரி ஊர் ஹாலில் 'வாக்கிங்' பாட்டு, நுழைவுக்கட்டணம் 10 பவுண்டு, டீயும் கேக்கும் உண்டு என்று வீட்டுக்காரர் சொன்னதும், இவர் நடைப்பயிற்சி ஷூவை மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். உச்சரிப்பு அதுவேதான், எழுத்துதான் வேறு. தறியிலிருந்து எடுத்த கம்பளித் துணி இழை தளர்ந்து, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். காற்றும் மழையும் புகாமல் இருக்க அதை நனைத்து, அடித்து, சுருக்கி, இறுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் அது. வேலை பெண்களுடையது, பாட்டும் பெண்களுடையது. காலிக்கில் ஓரன் லுவாய்.

ஹாலுக்குள் நுழைந்ததும் ஓர் அம்மா என்னை நீளப் பலகைக்கு அழைத்துக்கொண்டு போனார். இவர் பின்னாலேயே வந்தார். "ஆண்கள் சுவரோரம்" என்று நாற்காலியைக் காட்டினார். சுவரோரம் ஏற்கெனவே நாலைந்து கணவன்மார்கள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பலகையில் பக்கத்துக்கு ஐந்து பேர். நடுவில் ஈரத்துணி, மலைப்பாம்பு மாதிரி கனம். பழைய காலத்தில் இதை ஊற வைத்தது நாள்பட்ட மூத்திரத்தில். வீடுவீடாகச் சேகரித்து வைப்பார்களாம். அதிலிருக்கும் அம்மோனியா எண்ணெயைப் போக்கும், சாயத்தைப் பிடிக்கவைக்கும். "இன்றைக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர்தான், பயப்படாதீர்கள்" என்றார் பக்கத்தில் இருந்தவர். ஓங்கித் தட்டு, தள்ளு, இழு, இடப்பக்கத்து ஆளுக்குக் கொடு. துணி எப்போதும் சூரியன் போகும் திசையில்தான் சுற்ற வேண்டும். மூன்றாவது சுற்றில் நான் பராக்குப் பார்த்து வலப்பக்கம் தள்ளிவிட்டேன். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். துணிக்கு ஆகாதாம்.

தலைப்பாட்டுக்காரி எழுபதை நெருங்கியவர், கார்டிகன் கையை மேலே சுருட்டியிருந்தார். அவர் ஒரு வரி, நாங்கள் ஹோ ரோ, அவர் அடுத்த வரி. முதல் பாட்டு நிதானம். துணி சூடாகச் சூடாகப் பாட்டும் வேகம் எடுத்தது. அவர் குரலைப் பற்றி எப்படிச் சொல்வது? இனிமை என்று சொன்னால் பொய். நெஞ்சிலிருந்து வரும், மழுங்காத, திறந்த குரல். பத்துப் பெண்கள் பலகையில் அடிக்கும் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும். மறுபடி மறுபடி, மணிக்கணக்கில், தொண்டை கட்டாமல். அந்தக் குரலுக்கு உருவம் கொடுத்தது வேலை. என் போனில் இருக்கும் மூடுபனியும் எதிரொலியும் ஸ்டூடியோவில் சேர்த்தவை. என்யாவின் பாட்டில் ஒரே குரலைப் பல அடுக்காகப் பதிந்து கோபுரம் கட்டுவார்கள். அது அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு இந்தத் தீவுப் பெண்கள் காற்றோடு காற்றாக மிதந்து பாடுபவர்கள் என்று நம்பியிருந்தேனே, அதை நினைத்தால்தான் சிரிப்பு.

ஒரு துணிக்கு ஒரே பாட்டை இரண்டு தடவை பாடக்கூடாது. அதனால்தான் இத்தனை பாட்டு மிஞ்சியது என்று எனக்குத் தோன்றுகிறது. இரவெல்லாம் துணி அடிக்க எத்தனை வேண்டியிருக்கும்! போர், கடத்தல், மூழ்கிப்போன அண்ணன், கைவிட்டுப் போன ஒருத்தன், பக்கத்து ஊரைப் பற்றி ஏச்சு. முந்நூறு நானூறு வருஷத்துச் சமாச்சாரமெல்லாம் இந்தப் பலகை மேல் கிடந்து உயிர் பிழைத்திருக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை தலைப்பாட்டுக்காரி நடுவிரலைத் துணி ஓரத்தில் வைத்து, எத்தனை விரல் அகலம் சுருங்கியது என்று அளந்தார். "இன்னும் ஒரு பாட்டு பாக்கி" என்றார். துணியைப் பாட்டில் அளக்கிற ஊர்.

கடைசியில் துணியைச் சுருட்டும்போது கைதட்டிப் பாடும் வேகமான பாட்டு. கல்யாணமாகாத பெண்ணுக்கு ஓர் ஆண் பெயரைச் சேர்ப்பார்கள், அவள் வேண்டாம் என்று மறுப்பாள், இன்னொருத்தன் பெயரைச் சேர்ப்பார்கள், ஒப்புக்கொள்வாள். என் முறை வந்ததும் எனக்குச் சேர்த்த பெயர் காலையில் வந்த பஸ் டிரைவருடையது. மறுக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். சுவரோரத்திலிருந்து இவர் கையைத் தூக்கினார். ஹால் முழுக்கச் சிரிப்பு. இரண்டாவது சுற்றில் இவர் பெயர் காலிக் பாட்டில் ஏறியது, கோமதிநாயகம் என்பது கொஞ்சம் நசுங்கி.

ஜூன் 20, வெள்ளி – சவுத் யூயிஸ்ட்

விடிய விடிய மழை. உள்ளங்கை ஓரம் இரண்டிலும் கன்றிப்போய் நீலம். டீக்கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மணி நேர வேடிக்கைக்கே இப்படி. மாமியார் நடவுக்குப் போய்விட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்காருவது ஞாபகம் வந்தது. அவருக்கும் நடவுப்பாட்டு நிறையத் தெரியும். ஒன்றையும் நான் கேட்டு எழுதிவைக்கவில்லை.

கில்டோனன் மியூசியத்துக்குப் போனோம். முக்கியமாக நனையாமல் இருக்க. பழைய ராட்டை, மண்ணெண்ணெய் விளக்கு, பருப்பு சூப் 5 பவுண்டு. மியூசியத்தில் வேலை பார்க்கும் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டு, மார்கரெட் ஃபே ஷாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கேட்கக் கேட்க சூப் ஆறிப்போனது.

பென்சில்வேனியாவில் பிறந்து பியானோ படித்த பெண். 1929-இல் இந்தத் தீவின் தெற்கு மூலையில் பெய்கி, மாரி என்ற அக்கா தங்கையின் குடிசைக்கு வந்து சேர்ந்தார். மாடு, கரி, சுற்றிலும் காலிக் பேச்சு. ஆறு வருஷம் அவர்களோடேயே இருந்தார். பால் கறக்கும்போதும் கம்பளி நூற்கும்போதும் அவர்கள் பாடியதை வார்த்தை வார்த்தையாக, ஸ்வரம் ஸ்வரமாகக் குறித்துக்கொண்டார், போட்டோவும் எடுத்தார். 1955-இல் அது புத்தகமாக வந்தது. 2004-இல் நூற்றியொரு வயதில் இறந்தார். வேறு சிலர் தீவுப் பாட்டை எடுத்துப்போய்ப் பியானோவோடு சேர்த்து நகரத்து ஹாலுக்கு ஏற்ற மாதிரி மெருகேற்றினார்கள். பியானோ படித்த இந்த அம்மா அதைச் செய்யவில்லை. பாடினவள் எப்படிப் பாடினாளோ அப்படியே. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

இந்தத் தீவுக்காரர்தான் கேத்லீன் மெக்இன்னஸ். என் பட்டியலில் இரண்டு பாட்டு அவருடையது. தாழ்ந்த, கரகரத்த குரல். ஆண் குரலோ என்று மகன் ஒருமுறை கேட்டிருக்கிறான். பெண் குரல் என்றால் மேலே, இன்னும் மேலே ஏற வேண்டும் என்கிற கட்டாயம் இங்கே யாருக்கும் கிடையாது.

மழையில் பஸ் நாற்பது நிமிஷம் தாமதம். நிழற்குடையில் எங்களோடு ஒரு நாயும் காத்திருந்தது. பஸ்ஸில் ஏறியது. அதற்கு டிக்கெட் கேட்கவில்லை.

ஜூன் 21, சனி – நார்த் யூயிஸ்ட், பெர்னரே, ஹாரிஸ்

தீவிலிருந்து தீவுக்குச் சாலைப்பாலம் வழியே வடக்கே. பாதி தண்ணீர், பாதி நிலம். நார்த் யூயிஸ்ட் ஜூலி ஃபவுலிஸின் ஊர். 2008-இல் பிபிசி நாட்டுப்புற இசை விருதில் அந்த ஆண்டின் பாடகியாகத் தேர்வானவர். அவர் பாடியதைக் கேட்டுத்தான் என் தங்கை மகள் காலிக் கற்கத் தொடங்கி மூன்றாம் பாடத்தில் நிறுத்தினாள். பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு பாட்டிகள் காலிக்கில் பேசிக்கொண்டு வந்தார்கள், பின் இருக்கையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில். 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் காலிக் பேசினார்கள். 2022-இல் பாதிக்குக் கீழே போய்விட்டது. அந்தப் பஸ்ஸே அந்தக் கணக்குத்தான்.

பெர்னரேவிலிருந்து ஹாரிஸுக்கு ஒரு மணி நேரம். பாறைகளுக்கு நடுவே கப்பல் வளைந்து வளைந்து, இடித்துவிடுமோ என்று இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். லெவர்பர்க்கில் இறங்கிப் பெட்டியைப் போட்டுவிட்டு ரோடெல் வரை நடந்தோம், ஐந்து கிலோமீட்டர். வருஷத்திலேயே நீளமான பகல். காற்று நின்றதும் மிட்ஜ் வந்துவிட்டது. கொசுவின் கொள்ளுப்பேத்தி அளவு, ஆனால் ஆயிரக்கணக்கில். இவர் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு நடந்தார்.

ரோடெலில் கடலைப் பார்த்தபடி புனித கிளமெண்ட் தேவாலயம். உள்ளே 1528-இல் செதுக்கிய மெக்லவுட் தலைவனின் கல்லறை, கப்பலும் வேட்டையுமாகக் கருங்கல்லில். எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். இங்கேயே பதினேழாம் நூற்றாண்டுப் பெண் புலவர் ஒருத்தியும் புதைந்திருக்கிறார்: மாரி, சிவப்பு அலஸ்டரின் மகள். அவரைக் குப்புறக் கிடத்திப் புதைத்தார்கள் என்பது வாய்வழிக் கதை. பொய் சொன்ன வாய் மண்ணைப் பார்க்கட்டும் என்றாம். அந்தக் காலத்து ஆண் புலவர்களும் புகழ்ந்து புகழ்ந்தே பாடினவர்கள்தான். அவர்களை மல்லாக்கத்தான் வைத்திருப்பார்கள்.

அங்கே எங்களைப் போலவே நடந்து வந்திருந்த உள்ளூர் டீச்சர் ஒருவர் இன்னொரு கதை சொன்னார். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்கால்பே தீவு. அங்கே அன்னக் கேம்பெல் என்ற பெண். அவளைக் கட்டிக்கொள்ள 1788-இல் ஸ்டோர்னவேயிலிருந்து கப்பலில் புறப்பட்ட அல்லன் மாரிசன் வழியில் மூழ்கிப்போனான். அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். சில மாதத்தில் அவளும் போனாள். அப்பா அவள் உடலைப் புதைக்க ரோடெலுக்குப் படகில் கொண்டுவரும்போது புயல். பெட்டி கடலோடு போயிற்று. அவன் உடல் ஒதுங்கிய இடத்திலேயே அவளும் ஒதுங்கினாள் என்று ஊரில் சொல்வார்கள்.

பாட்டில் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். மீன்தான் உனக்கு விளக்கு, கடல்நாய்தான் உனக்குக் காவல் என்கிறாளாம். யார் என்ன சொன்னாலும் சரி, மூழ்கிப்போன உன் நெஞ்சு ரத்தத்தைக் குடிப்பேன் என்கிறாளாம்.

மறுபடியும் ரத்தம். சந்தேகம் வந்து போனை எடுத்து, பட்டியலில் ஒன்பதாவது பாட்டைப் போட்டுக் காட்டினேன். கேப்பர்கேலி குழுவில் பாடும் கேரன் மதேசனின் குரல். "இதேதான்" என்றார் டீச்சர். 1995-இல் ஓர் ஆங்கிலப் படத்திலும் கேரன் பாடி இது வந்திருக்கிறது. கல்லறைகளுக்கு நடுவே நின்று முழுதாகக் கேட்டோம். நல்ல பாடகி, தங்கக் குரல், குறை சொல்ல ஒன்றுமில்லை. அழவில்லை, கெஞ்சவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது குரல். ரத்தம் குடிப்பேன் என்கிற வரியிலும் அதே நிதானம். அந்த நிதானத்தைத்தான் நான் அமைதி என்று எடுத்துக்கொண்டேன். அது அமைதி இல்லை. அவள் சொன்னதற்கு மேல் நாம் ஒரு பிடி உப்புப் போட வேண்டாம் என்கிற அடக்கம்.

இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. மிட்ஜும் விடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு – லெவர்பர்க்

மகன் பார்க்காமல் விட்ட விஷயம்: ஞாயிற்றுக்கிழமை ஹாரிஸில் பஸ் கிடையாது. கடை கிடையாது. பாராவிலும் சவுத் யூயிஸ்டிலும் கத்தோலிக்கர்கள். வடக்கே வர வர பிரஸ்பிடீரியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர், ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள். நேற்று வாங்கி வைத்திருந்த ஓட் பிஸ்கட்டும் சீஸும்தான் மத்தியானம். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இரண்டு தட்டில் ஆட்டுக்கறி சூப்பும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். பில்லில் போடச் சொன்னேன். "இன்றைக்குக் காசு பேசுவதில்லை" என்றார்.

அவரோடு காலிக் ஆராதனைக்குப் போனேன். வாத்தியம் கிடையாது. முன்னால் ஓர் ஆண் பைபிள் சங்கீதத்தின் ஒரு வரியை எடுத்துக் கொடுக்கிறார். சபை அதை வாங்கிக்கொண்டு, ஆளாளுக்கு அவரவர் வேகத்தில், அவரவர் நெளிவோடு இழுக்கிறார்கள். அலை மாதிரி வந்து மோதுகிறது. எடுத்துக் கொடுப்பது ஆண்தான், எப்போதும். இருந்தாலும் என் பக்கத்தில் தொப்பி போட்ட அந்த அம்மாவின் நெளிவு எனக்குத் தனியாகக் கேட்டது. அந்த வரியை அவர் மட்டும் கடைசியாகத்தான் விட்டார்.

சாயங்காலம் அவரிடம் பழைய பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டுவிட்டேன், யோசிக்காமல். "தெரியும். நாளைக்கு" என்றார்.

ஜூன் 23, திங்கள் – லெவர்பர்க்

ஏழு மணிக்கே எழுப்பியது பாட்டுத்தான். ஜன்னலைத் திறந்து பார்த்தால் பின்கொல்லைக் கொடியில் நல்ல காற்று. நேற்றுத் துணி காயப்போட்டிருக்கக் கூடாது, அதனால் இரண்டு நாள் துணியும் கூடையில். வாயில் கிளிப்பைக் கடித்தபடியே முனகிக்கொண்டிருந்தார். கிளிப்பை எடுத்துக் கொடியில் போட்டதும் சொல் தெளிவாக வரும், அடுத்த கிளிப்பைக் கடித்ததும் மங்கும்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்து நிறுத்தவில்லை. ஒரு போர்வையின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். உதறினோம், இழுத்தோம், கொடியில் போட்டோம். கன்றின கை வலித்தது. ஹோ ரோ வருகிற இடம் இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிட்டது. நானும் சேர்ந்துகொண்டேன். தப்பாகப் பாடியதும் தலையை ஆட்டி ஒரு தடவை திருத்தினார்.

இங்கே வந்து கற்றுக்கொண்ட கேள்வியைக் கேட்டேன். யாரிடம் கற்றது?

"அம்மாவின் அக்கா. ஸ்கால்பேக்காரி."

இன்னும் எத்தனை அடி இருக்கிறது என்று கேட்டேன். பதினோரு அடி தனக்குத் தெரியும், பெரியம்மாவுக்கு இன்னும் அதிகம் தெரியும் என்றார். ஏழாவதில் இருந்தோம். வாசலிலிருந்து இவர் கத்தினார், "பஸ் வந்துருச்சு, கேக்குதா?" கேட்டது. கூடையில் இன்னும் நாலு தலையணை உறை இருந்தது.